குரென் பள்ளத்தாக்கில் புல் இல்லை

"புல்லா? எங்கே இருக்கு! இந்த வருஷம் எங்க ஆடுங்க கல்லைத்தான் மேயுது" என்று சொல்லிக்கொண்டே லுவ்சன் மூக்குப்பொடிக் குப்பியைக் கோம்போவிடம் நீட்டினான்.

கோம்போவும் ஆடு மேய்ப்பவன்தான், பக்கத்து மாவட்டம். "அடப்பாவமே, குரென் பள்ளத்தாக்குக்கே இந்தக் கதியா?" என்று உச்சுக்கொட்டினான். பொடியை உறிஞ்சிவிட்டுக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தான்.

மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் நடந்த உலக மேய்ச்சல்நில மாநாட்டின் இரண்டாம் நாள் அது. விஞ்ஞானிகளோடு மேய்ப்பர்களையும் அழைத்திருந்தார்கள். லுவ்சனும் அவன் மனைவி தோல்கோரும் பண்டிகை அங்கியைப் போட்டுக்கொண்டு பதினாலு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்திருந்தார்கள்.

தேநீர் இடைவேளை முடிந்து எல்லாரும் அரங்கத்துக்குள் போனார்கள். மேடையில் டாக்டர் உயாங்கா நின்றாள். தலைநகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குப் பின்னால் திரையில் ஒரு படம் விழுந்தது. கறுத்து இறுகிய தரை, மருந்துக்கும் பச்சை இல்லை.

"இது குரென் பள்ளத்தாக்கு. போன கோடையில மூணு இடத்துல கயிறு கட்டி அளந்தோம். மூணுலயும் ஒரு புல் கிடையாது. அளவு மீறி மேய்ச்சு மண்ணைக் கொன்னுட்டாங்க. இனிப் பத்து வருஷத்துக்கு அங்கே எந்த மந்தையும் நுழையக் கூடாது, அதுதான் எங்க பரிந்துரை."

முன்வரிசையில் இருந்த மாகாண அதிகாரி தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். அவர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது கதை.

குளிர்காலத்துக்கு லுவ்சனுக்கு வேறு போக்கிடமே கிடையாது. மூன்று வருஷம் முன்னால் வந்த கொடும்பனியில் அக்கம்பக்கத்து மந்தைகள் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்தன. அவனுடைய நானூறு ஆடுகள் பிழைத்தது அந்தப் பள்ளத்தாக்கால்தான்.

படத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தான். தரைக்கு ஓரத்தில் அரைகுறையாய் ஒரு கல்சுவர் தெரிந்தது.

"அடியே, அது நம்ம பட்டிடி! மத்த ரெண்டும் என் தம்பிங்க பட்டியாத்தான் இருக்கும்!"

தோல்கோர் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "விடுய்யா. வெளியே போய்ப் பேசிக்கலாம், வா."

"என்னத்தை விடறது? நம்ம சோத்துல மண்ணள்ளிப் போடறா, நான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணுமா?" லுவ்சன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். கேள்வி கேட்பவர்களுக்காக வைத்திருந்த மைக்கைப் போய்ப் பிடுங்கிக்கொண்டான்.

"ஏம்மா டாக்டரு! நீ அளந்தது மண்ணே இல்லை, சாணி! இருபது குளிர்காலமா என் ஆடுங்க படுத்துப் படுத்து முழ உசரத்துக்கு இறுகிக் கிடக்கிற சாணி! அதுல எப்படிம்மா புல் முளைக்கும்? உன் கட்டிலுக்கு அடியில முளைச்சிருக்கா, பார்த்தியா?"

அரங்கம் சிரித்தது. உயாங்காவின் முகம் சிவந்துபோனது.

"பட்டியைத் தாண்டி, ஓடையைத் தாண்டிப் போய்ப் பாரு. முழங்கால் உசரத்துக்குப் புல் நிக்குது! கோடை முழுக்க ஒரு ஆட்டை உள்ளே விடாம, குளிருக்குன்னு கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தறேன்!"

மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த கோம்போ வாயைப் பிளந்தான். லுவ்சன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நாங்க என்ன குத்துமதிப்பாவா போனோம்?" உயாங்காவின் குரலும் ஏறியது. "நல்ல மேய்ச்சல் எங்கேன்னு என் மாணவர்கள் கேட்டுத்தான் போயிருக்காங்க. பள்ளத்தாக்குல இருக்கிற அம்மா ஒருத்தங்க ஜீப்ல கூடவே வந்து மூணு இடத்தையும் காட்டியிருக்காங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் வெறும் பாறை, வண்டி போகாதுன்னும் சொல்லியிருக்காங்க."

"ஓ, நீ போகவே இல்லையா? மாணவர்களை அனுப்பிட்டு இங்கேயிருந்தே எங்களுக்குக் குழி தோண்டினியா?" லுவ்சனுக்கு மூச்சு வாங்கியது. "சரி, எவ அவ? அங்கே இருக்கிறதே நாலு கூடாரம். பேரைச் சொல்லு, அந்தக் குடும்பத்தையே கூடாரத்தோட கிளப்பறேன்! பத்து வருஷம் எங்க வயித்துல அடிக்க வழி பண்ணின புண்ணியவதி மூஞ்சியை இந்தச் சபையே பார்க்கட்டும்!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உயாங்கா தன் காகிதங்களைப் புரட்டிப் பேரைத் தேடினாள்.

"தேட வேண்டாம்மா. நான்தான்" என்று தோல்கோர் எழுந்து வந்தாள்.

"நீயா?" லுவ்சனின் கத்தல் மைக்கில் அலறியது. "நான் குதிரைங்களோட மலைக்குப் போயிருந்தப்போ நீ பண்ணின வேலையா இது? மூளை கெட்டுப்போச்சாடி உனக்கு? யாரைக் கேட்டுடி பண்ணே?"

இத்தனை பேருக்கு முன்னால் 'டி' போட்டதும் அவளுக்கும் வந்ததே கோபம். அவன் கையிலிருந்து மைக்கை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"வெளியாள் எவன் வந்து நல்ல புல் எங்கேன்னு கேட்டாலும் பட்டியைக் காட்டுன்னு, கல்யாணம் ஆன நாள்லேருந்து என் உயிரை எடுத்தது நீதானய்யா!"