பாறைப் பக்கம்

மூன்று நாளாக விடாமல் பெய்யும் மழையில் மலைச்சரிவு முழுக்க வெள்ளைப் புகையாக இருக்கிறது. தார்ப்பாய் மறைப்புக்குள் நானும் புகைப்படக்காரரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம். அவர் ஓடைப் பக்கம் பார்க்கிறார், நான் பாறைப் பக்கம். போன வருடம் என் இடத்தில் அப்பா இருந்தார். இவருடைய கேமரா பெட்டியைச் சுமந்து ஏறும்போது வழுக்கி விழுந்து, இடுப்பொடிந்து கிடந்தார். இவரோ தூரத்தில் தெரிந்த கருஞ்சிறுத்தையின் பின்னால் போய்விட்டு, சாயங்காலம்தான் திரும்பி வந்தார். அதோடு என் பள்ளிக்கூடமும் நின்றது. இப்போது அதே கருஞ்சிறுத்தை பாறைமேல் வந்து நிற்கிறது. நனைந்த கறுப்புக்குள் புள்ளிகள்கூடத் தெரிகின்றன. மறைப்புக்குள் பேசக் கூடாது. பார்த்தவர் மற்றவர் தோளைத் தொட வேண்டும், அதுதான் முறை. நான் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொள்கிறேன். அது மீசை நீரை உதறுகிறது, நிதானமாக ஒரு கொட்டாவி விடுகிறது, பிறகு அவசரமே இல்லாமல் மூங்கிலுக்குள் இறங்குகிறது. என் முதுகில் அவர் மூச்சு சீராக ஏறி இறங்குகிறது.

வெளிச்சம் குறைந்ததும் அவர் லென்ஸைத் துடைத்து மூடுகிறார். "கடைசி நாளும் போச்சு. நீ வாயைத்தான் திறக்க மாட்டேன்னு நெனச்சேன், கண்ணையும் திறக்க மாட்டே போல. உங்கப்பா வந்திருந்தா இந்நேரம் காட்டியிருப்பாரு."

"ஆமா சார், காட்டியிருப்பாரு," என்கிறேன். "அவரால எழுந்து நடக்க முடியலையே."