மக்காச்சோளம் தூங்கும் கோடை

இன்னும் கொஞ்ச நாள் தூங்குங்கடி என் ராசாத்திகளா, உங்க புண்ணியத்துல நானும் தூங்கிக்கிறேன். மணிமொழி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜன்னல் வழியே தெரிந்த மக்காச்சோளக் காட்டைப் பார்த்து நினைத்துக்கொண்டாள்.

மழை பொய்த்ததும் அவள்தான் நொச்சி இலைச்சாறு தெளித்தாள். பயிர் இலைகளைச் சுருட்டிக்கொண்டு தூங்கிப்போனது. மழை வந்தபின் முருங்கை இலைச்சாறு தெளித்தால் விழித்துக்கொள்ளும். அதுவரை அதற்குத் தண்ணீரும் வேண்டாம், ஆளும் வேண்டாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து பகலில் தலைசாய்த்தறியாத மணிமொழி, இந்தக் கோடையில்தான் பாயில் படுத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பாடினாள். தனக்குள் இத்தனை பாட்டு இருந்ததா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அவள் கணவன் கலியபெருமாள் முருங்கைச் சாறு நிரப்பிய தெளிப்பானோடு வந்து நின்றான். தூங்கவைத்த கைதான் எழுப்ப வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

"எழுப்பிடு புள்ள. தண்ணி லாரிக்குச் சொல்லிக்கலாம்."

"மழை வரட்டுமே. இப்ப என்ன அவசரம்?"

"டீக்கடைல கேலி பண்றானுவ. உங்க வூட்ல தூங்குறது சோளமா, பொண்டாட்டியான்னு."

"ரெண்டும்தான்னு சொல்லுங்க."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தெளிப்பானை நீட்டினான். "மானம் போவுது, வா."

எழுப்பிவிட்டால் நாளையிலிருந்து மறுபடி ஓட்டம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெளிப்பானை வாங்கிச் சுவரோரம் வைத்தாள். பாயில் நகர்ந்து அவனுக்கும் இடம் விட்டாள்.

"நீங்களும் செத்த நேரம் படுங்க."