காலிக் கட்டங்கள்

"வெள்ளம் வந்த நாள்ல மட்டும் நோட்டுல கட்டம் காலியா இருக்கு. அப்போ எங்கதான் போவீங்க?"

கேட்டவளுக்கு ஆபீஸில் கம்ப்யூட்டரம்மா என்று பெயர். வெள்ள ஆராய்ச்சிக்கு அடுத்த முப்பது வருஷத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. எந்த நீர்மட்ட நிலையத்தை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று பழைய நோட்டுகளைப் புரட்டி மார்க் போடுவது அவள் வேலை. மார்க் விஷயத்தில் அவளுக்கு ஈவு இரக்கமே கிடையாது.

எதிரே நின்றவர் பதினோராம் நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக ஆற்று மட்டம் பார்த்து எழுதுகிறவர். பட்டியலில் கடைசி இடம் அவருக்கு. நிலையத்தை மூடினால் அவர் வேலையும் போச்சு.

"அங்கேயேதான் மேடம் இருப்பேன்."

"இருந்துமா எழுதலை? மூணாம் நிலையத்து நோட்டைப் பாருங்க. ஒரு கட்டம் காலி கிடையாது. அந்தப் பெரிய வெள்ளத்தன்னிக்குக்கூட அஞ்சு புள்ளி மூணு ஏழு மீட்டர்னு நறுக்குன்னு எழுதியிருக்கு. எழுதினது யார் தெரியுமா?"

தெரியாமல் என்ன? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த இயக்குநர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே மட்டம் பார்த்தவர். 'இடத்தை விட்டு நகராமல் வெள்ளத்தை அளந்தவர்' என்ற பாராட்டுப் பத்திரம் அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. ஊர் ஊராகக் கரை கட்டியது அந்த எண்ணை நம்பித்தான். கம்ப்யூட்டரம்மா டாக்டர் பட்டம் வாங்கியதும் அதை வைத்துத்தான்.

இயக்குநர் ஏனோ பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. ஏன் எழுதலை?"

பதினோராம் நிலையத்துக்காரர் தலையைச் சொறிந்தார். "அளவுக் கம்பம் முழுகிடும் மேடம். அப்புறம் எதைப் பார்த்து எழுதறது?"

"கொஞ்சம் பெரிய கம்பமா நட வேண்டியதுதானே? மூணாம் நிலையத்துல நடலையா?"

"அங்கேயும் இதே கம்பம்தான் மேடம். அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி, எல்லா நிலையத்துலயும் நாலு மீட்டர்தான்."

கம்ப்யூட்டரம்மா மூணாம் நிலையத்து நோட்டை இழுத்துத் திறந்தாள். எண்ணைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய பத்திரத்தைப் பார்த்தாள். நாலு மீட்டர் கம்பத்தில் அஞ்சு புள்ளி மூணு ஏழு!

அவள் நூற்றுக்கு நூறு போட்ட நோட்டுகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன.

இயக்குநர் எழுந்து பத்திரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பட்டியலைத் தலைகீழா மாத்தும்மா. பதினொண்ணுக்கு முதல் இடம். அந்த அஞ்சு புள்ளி மூணு ஏழை அடிச்சிட்டு, கட்டத்தைக் காலியா விடு."

"சார்... அப்போ அன்னைக்கு அந்த வெள்ளத்துல நீங்க..."

"வெள்ளத்தை யாரும்மா பார்த்தா? மச்சினி கல்யாணத்துல மாப்பிள்ளை முறுக்கோட முன்வரிசையில உட்கார்ந்திருந்தேன்."