வட்டச் சாக்கெட்

“இதுவும் சேரலை, ஹாஜி.”

மெக்கானிக் நிசார், காரின் பழுதைப் படிக்கிற ஸ்கேனரின் வயரைச் சுருட்டிப் பெஞ்சில் எறிந்தான். ஸர்கா நகரத்தின் பட்டறைத் தெருவில் இரவல் கிடைக்கிற ஸ்கேனர் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தாயிற்று. எல்லாம் தட்டைப் பிளக். இந்தக் கிழட்டு ஜெர்மன் காருக்கோ பானெட்டுக்குள் சல்லடை மாதிரி ஒரு வட்டச் சாக்கெட்.

நரைத்த தாடியும் கசங்கிய அங்கியுமாக ஹாஜி தைசீர் வெயிலில் நின்றிருந்தார். கார்ச் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். கார் இழுவை வண்டியிலிருந்து இறங்கியது முதல் அதற்குள் ஒரு நிமிடம்கூட அவர் உட்காரவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னால், எதை இழுப்பது என்று தெரியாமல் தடுமாறினார். பாவம், மனுஷன் நிலைகுலைந்து போயிருக்கிறார் என்று நிசார் தானே திறந்துகொண்டான்.

“எதுக்கு இந்தப் பாடு? பிரேக்கை மொத்தமா மாத்தித் தர்றேன். ஓட்டிட்டுப் போங்க.”

“ஓட்டறதுக்கு இல்லை தம்பி. இது ஒரு குழந்தையை அடிச்சுக் கொன்னுடுச்சு. ஓட்டினவன் ஜெயில்ல இருக்கான், பிரேக் பிடிக்கலைன்னு சொல்றான். அது நிஜமான்னு எனக்குத் தெரியணும். எங்க ஊர்ல ஒவ்வொரு மெக்கானிக்கும் யாருக்காவது மச்சான். அதான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

‘ஓட்டினவன்’ என்கிறார், ‘என் மகன்’ என்று சொல்லக்கூட வாய் வரவில்லையே என்று நிசார் நினைத்துக்கொண்டான். அவனுக்கும் வேன் ஓட்டுகிற மகன் இருக்கிறான். அதற்கு மேல் எதையும் கேட்க மனசு வரவில்லை.

ஹாஜியின் போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தார். “பெரியவங்க எல்லாம் வந்து உட்கார்ந்தாச்சாம். காப்பியும் ஊத்தியாச்சாம்.”

நிசாருக்குப் புரிந்தது. அடித்தவன் பக்கத்துப் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டுச் சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் காப்பி ஆறிக்கொண்டிருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவர் ‘குடியுங்கள்’ என்று சொன்னால் மன்னித்துவிட்டார் என்று அர்த்தம். அதுவரை ஒருவரும் கோப்பையைத் தொட மாட்டார்கள்.

“இங்கேயே இருங்க” என்று சொல்லிவிட்டு, தெருக்கோடிப் பழைய இரும்புக்கடைக்கு ஓடினான்.

“வட்டப் பிளக் வெச்ச ஸ்கேனரா?” கடைக்காரர் அபூ ஹாஸிம் சிரித்தார். “என் கல்யாணத்துக்கு முன்னால வாங்கினது ஒண்ணு கிடக்கு. ஆனா அதுவும் என் பொண்டாட்டி மாதிரி, தோணினாத்தான் பேசும்.”

“பேச வைக்கிறேன். எடுங்க.”

ரேடியேட்டர் குவியலுக்கு அடியிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்று வந்தது. அதன் பிளக் சாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. நிசார் சொன்னபடி ஹாஜி ஜன்னல் வழியே கை விட்டுச் சாவியைத் திருகினார். பாதித் திரை செத்திருந்தாலும் மீதிப் பாதியில் எழுத்து ஓடியது. ஹாஜி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழுது ஒன்றும் பதிவாகவில்லை. நிசார் அணைத்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் அதே பதில். காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைச் சுழல விட்டு பிரேக்கை மிதித்தான். நான்கும் கப்பென்று நின்றன. காரில் குற்றமில்லை. ஓட்டினவன் மிதிக்கவே இல்லை, அல்லது மிதிக்க நேரமில்லாத வேகத்தில் வந்திருக்கிறான்.

“என்ன சொல்லுது?” என்றார் ஹாஜி.

நிசார் அந்த முகத்தைப் பார்த்தான். மகனைச் சிறையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு நல்ல சொல்லுக்காக ஊர் விட்டு ஊர் வந்து நிற்கிற தகப்பன். செத்த பிள்ளை திரும்பப் போவதில்லை. இருக்கிற பிள்ளையாவது பிழைக்கட்டுமே.

திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“பிரேக் போயிருக்கு ஹாஜி. எவ்வளவு மிதிச்சாலும் நின்னிருக்காது. ஓட்டினவன் மேல தப்பில்லை.”

“அல்லாஹ் மேல சத்தியமா?”

நிசார் ஸ்கேனரின் பிளக்கைப் பிடுங்கினான்.

“அல்லாஹ் மேல சத்தியமா.”

ஹாஜி காரின் மேல் கை ஊன்றிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் முறையாகச் சாவியைக் கீழே வைத்தார். வீட்டிலிருந்த தம்பிக்குப் போன் போட்டார்.

“கஸ்ஸான், அவன் பொய் சொல்லலைடா. அவங்க காரை அவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடலாம். வந்தவங்களைக் காப்பி குடிக்கச் சொல்லு.”