இரண்டு டிகிரி குறைவாக

"இன்னும் ரெண்டு டிகிரி குறைங்க" என்றாள் பூவிழி.

கோகுலகிருஷ்ணன் சலிப்போடு மனைவியைப் பார்த்தான். அவன் சொந்தக் கையால் கட்டிய இரண்டு சீட் விமானம், வேப்பந்தட்டைக்கு வெளியே அவர்களுடைய கொல்லையில் நின்றது. காலையிலிருந்து மூன்றாவது முறையாக முன்விசிறியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, விசிறி இறக்கைகளைத் திருப்பி, கோணமானியை வைத்துப் பார்த்தான். முதுகு விட்டுப்போயிருந்தது.

"எஞ்சின் வேகத்தைக் குறைச்சு ஓட்டுனா போதாதா?"

"குறைச்சா நடுங்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? நேத்து மாதிரி வேலிக்கு அந்தாண்ட போயி விழுந்தா யாரு பொறுக்குறது? மேக்க வேற கருக்கிட்டு வருது. ஆளுங்கல்லாம் காத்துக்கிட்டு நிக்கிறாங்க, ஏறுங்க."

போல்ட்டுகளை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தான். பழக்கதோஷத்தில் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டான். எஞ்சின் உறுமியது.

விமானம் அசையவில்லை. சக்கரங்களுக்குக் கல் வைத்து, வடக்கயிற்றால் முளைக்கட்டையில் இழுத்துக் கட்டியிருந்தது. வாலுக்குப் பின்னால், தள்ளி நின்ற பெண்கள் முறத்தில் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். சின்ன வெங்காயம் தார்ப்பாயிலேயே விழுந்தது. சருகு மட்டும் பறந்தது.

"இப்பதாங்க சரியா இருக்கு!" என்று கத்தினாள் பூவிழி.

பறக்க அனுமதி கேட்டு அவன் எழுதிப்போட்டு வருடக்கணக்காகிறது. பதில் இல்லை.

திரும்பிப் பார்த்தான். சருகு வேலியைத் தாண்டி, பனைமரத்தையும் தாண்டி, யாரிடமும் அனுமதி கேட்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.