உப்புவெளியில் இரங்கல் உரை

“வண்டியில ஒரு திருகாணி கூட அதிகமா ஏத்தக் கூடாது, லோர்னா. கிளைடோட சாம்பல் ஜாடிய இங்கேயே வச்சு நாலு வார்த்தை பேசுறேன், போதாதா?” என்றார் பந்தய வண்டியின் முதலாளி ஹார்லன்.

மணிக்கு முந்நூறு மைல் வேகத்தில் ஒருமுறை போய்விட வேண்டும் என்பதுதான் அந்த வண்டியைக் கட்டிய கிளைடின் கடைசி ஆசை. அவர் மனைவி லோர்னா, வண்டிக்குள் இருந்த எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் நிரப்பப் போனாள்.

வறண்ட ஏரியின் தட்டையான உப்புவெளியில் வண்டி சீறிக் கிளம்பியது. ஹார்லன் தொப்பியைக் கழற்றி, ஜாடியின் முன் நின்று, கிளைடுக்குத் தான் செய்த உதவிகளை உருக்கமாக விவரித்தார். கேமராவுக்காக இரண்டு முறை கண்ணைத் துடைத்தார். அதற்குள் வண்டியின் வேகம் முந்நூறு மைலைத் தாண்டியிருந்தது.

வண்டி திரும்பியதும் லோர்னா தொட்டியைத் திறந்தாள். உருகிய ஐஸுக்குள் கைவிட்டு, இறுக மூடிய எஃகுக் குப்பி ஒன்றை எடுத்தாள்.

“என் தொட்டியில விஸ்கியா குளிர வச்சே?”

“கிளைடு.”

ஹார்லன் ஜாடியைப் பார்த்தார். “அப்ப இதுல?”

“காலி. அவருக்கு உங்க பேச்சு எப்பவுமே ஆகாது” என்ற லோர்னா, வெதுவெதுப்பாக இருந்த குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.