இரண்டு கூண்டு எலிகள்

“வெள்ளையம்மா, ஓடி வந்து பாருங்கோ! குடல்ல ஒரு புழுகூட இல்லே!”

அம்புஜவல்லி இவ்வளவு உரக்கப் பேசி அந்தத் திருச்சிக் கல்லூரிச் சோதனைச்சாலையில் யாரும் கேட்டதில்லை. இரண்டு கூண்டு எலிகளுக்கும் ஒரே நாளில் புழுக்குஞ்சுகளைப் புகட்டியிருந்தாள். புதிய எலிகளின் குடலில் புழுக்கள் நெளிந்தன. முன்பே புழு வந்து தேறிய பழைய எலிகளின் குடலோ சுத்தம். ஒருமுறை பட்ட உடம்பு மறுமுறை தானே புழுவை விரட்டுகிறது!

இந்தச் சோதனை பலிக்காவிட்டால் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று ஸ்ரீரங்கத்தில் அப்பா சொல்லியிருந்தார்.

எலிகளைப் பராமரிக்கும் வெள்ளையம்மாள் பூரித்துப் போனாள். “மருந்து கேட்டிருக்கும்மா!”

“என்ன மருந்து?”

“வேப்பங்கொழுந்துதான். எம் பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறது. பாவமா இருந்துச்சு, தினமும் அரைச்சு ஊத்தினேன்.”

அம்புஜவல்லி இடுக்கியைக் கீழே வைத்தாள். வாசலில், சோதனை முடிவைப் பார்க்க வரும் புரொபசரின் ஜட்கா வண்டி வந்து நின்றது.

“எல்லா எலிக்குமா?”

“இல்லேம்மா. பழசுங்க ஒரு தடவை தாங்கினதாச்சே. புதுக் கூண்டுக்கு மட்டும்தான்.”

“பழைய கூண்டுக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கலையே?”

“சத்தியமா இல்லே.”

அம்புஜவல்லி அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். “நான் ஜெயிச்சுட்டேன்! மருந்து குடிச்ச எலிகளுக்குத்தான் புழு; உங்க மருந்துதான் தோத்துப் போயிடுத்து!”

வெள்ளையம்மாளின் முகம் வாடியது.

“அப்ப இத்தனை வருஷமா எம் பிள்ளைங்களை மடியில போட்டு அமுக்கி ஊத்தினதெல்லாம் வீண்தானாம்மா?”